ரிச்மண்ட் ஷாக்கோ பாட்டத்தில் வீடு பார்க்கிறோம், வெள்ளம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புதுக்குடி:

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டுக்கு வருகிறோம், நானும் மனைவியும் மட்டும். ஆபீஸ் டவுன்டவுனிலேயே இருக்கிறது, அதனால் நடந்து போகிற தூரத்தில் வீடு தேடினோம். ஷாக்கோ பாட்டம் பகுதியில் டொபாக்கோ ரோ என்று ஒரு வரிசை இருக்கிறதே, பழைய சிகரெட் ஆலைகளையும் புகையிலைக் கிடங்குகளையும் அபார்ட்மென்ட்டாக மாற்றியது, அங்கே ஒன்று எங்கள் இரண்டு பேருக்குமே பிடித்துப்போய்விட்டது. உயரமான கூரை, பழைய செங்கல் சுவர், பெரிய ஜன்னல், அதைத் திறந்தால் ஜேம்ஸ் ஆற்றுப் பக்கம்.

சிக்கல் என்னவென்றால், முன்பு அங்கே குடியிருந்த ஒருவர் "அது தண்ணீர் வரும் பள்ளம், போகாதே" என்கிறார். வாடகை ஆபீஸில் கேட்டால் "அதெல்லாம் பழைய கதை, வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டியாகிவிட்டது" என்று சிரிக்கிறார்கள். இணையத்தில் தேடினால் 2004-இல் எடுத்த படங்கள் வருகின்றன, தெருவில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. சுவர் 1995 வாக்கிலேயே முடிந்துவிட்டது என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 2004-இல் தண்ணீர் எந்த வழியாக வந்தது? சுவர் உடைந்ததா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஊரின் நட்டநடுவில், சட்டசபைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இடம். சுற்றிப் பார்த்தால் பாதிக்குப் பாதி பார்க்கிங் திடலாகவும் வெறும் புல்தரையாகவும் கிடக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்துதான் யாரும் கட்டவில்லையா, வேறு காரணம் உண்டா?

தண்டவாளம்:

சுவர் உடையவில்லை. 2004-இல் தண்ணீர் ஆற்றிலிருந்து வரவே இல்லை, அதனால் சுவருக்கு அன்றைக்கு வேலையே இல்லை. இதுதான் பலருக்கும் புரியாத இடம், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஷாக்கோ பாட்டத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்து தண்ணீர் வரும். தெற்கே ஜேம்ஸ் ஆறு. அது புளூ ரிட்ஜ் மலைப் பக்கத்திலிருந்து வருகிறது, மேலே பெரிய மழை பெய்தால் அந்தத் தண்ணீர் ரிச்மண்டை எட்ட ஒன்றிரண்டு நாள் ஆகும். 1969-இல் கமீல் புயல், 1972-இல் ஆக்னஸ், 1985 நவம்பரில் ஒரு பெருவெள்ளம் என்று பதினாறு வருடத்துக்குள் மூன்று முறை ஆறு ஊருக்குள் ஏறியது. ஆக்னஸ்தான் உச்சம், சிட்டி லாக்ஸ் என்ற இடத்தில் ஆற்று மட்டம் அளக்கும் அளவுகோலில் ஏறக்குறைய 36.5 அடி. நகரத்தின் குடிநீர் நிலையமே முடங்கிப்போய் லாரியில் தண்ணீர் கொடுத்தார்கள். இந்த மூன்று வெள்ளத்துக்கும் பிறகுதான் ராணுவப் பொறியாளர் பிரிவு தடுப்புச் சுவர் வேலையை எடுத்து, 1990-களின் நடுவில் முடித்தது. ஆற்றின் இரு கரையும் சேர்த்து மூன்று மைலுக்கு மேல், கான்கிரீட் சுவரும் மண் கரையுமாக, 14 கோடி டாலர் அளவுக்குச் செலவு. ரோடும் ரயில் பாதையும் சுவரைக் கடக்கும் இடங்களில் பெரிய கதவுகள் உண்டு, ஆறு ஏறப்போகிறது என்று முன்னறிவிப்பு வந்தால் மூடிவிடுவார்கள். ஆற்று வெள்ளத்தைப் பொறுத்தவரை வாடகை ஆபீஸ்காரர் சொல்வது பெரும்பாலும் சரி.

இரண்டாவது தண்ணீர் வடக்கேயிருந்து வருகிறது. வரைபடத்தில் ஷாக்கோ ஓடை என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது பூமிக்கடியில் போகிறது. ஒரு பக்கம் ஷாக்கோ ஹில், எதிர்ப்பக்கம் சர்ச் ஹில், நடுவில் அந்த ஓடை அறுத்த பள்ளத்தாக்கு. நகரத்தின் வடபகுதியில் பெரும்பங்கு நிலம் இந்தப் பள்ளத்தாக்கை நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது, ஒரு பெரிய புனலின் வாய் அங்கே, குழாய் முனை ஷாக்கோ பாட்டத்தில். ஓடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பெரிய சாக்கடைக் குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள், மேலே ரயில் பாதை, ஐ-95 நெடுஞ்சாலை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் மழைக்கு இது தெரியாது, அது பழைய பள்ளத்தைத் தேடித்தான் ஓடும்.

2004 ஆகஸ்ட் 30, கேஸ்டன் புயல். கரை ஏறிப் பலம் குறைந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் ரிச்மண்டுக்கு மேலே வந்து நின்றுகொண்டு கொட்டியது. சில இடங்களில் 12 அங்குலத்துக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி மதியத்திலிருந்து இரவுக்குள். குழாய் கொள்ளுமா? தெருவே ஓடையாகிவிட்டது. பாட்டத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் தண்ணீர், இருபது தெருக்கட்டங்கள் அளவுக்குச் சேதம், அக்கம்பக்கத்தில் உயிரிழப்பும் உண்டு. நீங்கள் பார்த்த கார் படங்கள் அன்றைக்கு எடுத்தவை.

அலைவரிசை:

தண்டவாளம் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் பயமுறுத்தாதீர்கள். அப்படி ஒரு மழை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? ஆயிரக்கணக்கான பேர் அங்கே குடியிருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். கேஸ்டனுக்குப் பிறகு வடிகால் வேலையும் நிறையச் செய்திருக்கிறார்கள். மாடி வீடு எடுங்கள், காரை மேட்டில் நிறுத்துங்கள், அவ்வளவுதான். கால்வாய் நடைபாதை ஒருபக்கம், ஜேம்ஸ்டவுன் பக்கம் 52 மைல் போகும் கேப்பிடல் டிரெயில் சைக்கிள் பாதை வாசலிலிருந்தே தொடங்குகிறது. இதை விட்டுவிட்டுப் புறநகரில் போய் உட்காருவீர்களா?

தண்டவாளம்:

அலைவரிசை, போகாதே என்று நான் எங்கே சொன்னேன்? "சுவர் இருக்கிறது, கவலை இல்லை" என்ற பதில் பாதிக் கேள்விக்குத்தான் பதில் என்கிறேன். ஆற்று வெள்ளத்துக்கு ஒரு நாளாவது முன்னறிவிப்பு கிடைக்கும், சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பள்ளத்தாக்குத் தண்ணீருக்கு மணிக்கணக்குதான், சில நேரம் அதுவும் இல்லை. இதில் ஒரு சிக்கல் வேறு: பழைய நகரம் என்பதால் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும் ஏற்பாடு. பெருமழையில் நிரம்பி வழிந்தால் ஆற்றில் கலப்பது இரண்டும் சேர்ந்த தண்ணீர். ஷாக்கோவில் 5 கோடி கேலன் பிடிக்கும் என்று ஒரு தேக்கத் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள், அப்படியும் போதவில்லை. 2020-இல் மாநிலச் சட்டசபை, 2035 ஜூலைக்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும் என்று நகரத்துக்குக் கெடு விதித்துச் சட்டமே போட்டது. ஆக, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அரசாங்கமே சொல்லவில்லை.

ஊர்க்கணக்கன்:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன். கொஞ்சம் நீளும்.

அந்தப் பார்க்கிங் திடல்களும் புல்தரையும் வெள்ளத்துக்குப் பயந்து விட்டுவைத்தவை என்று நினைத்தால் பாதிக் கதை போய்விடும். ரிச்மண்ட் பிறந்த இடமே அதுதான். 1730-களில் இரண்டாம் வில்லியம் பேர்ட் ஊருக்கு மனை பிரித்தபோது கடலிலிருந்து படகு வரக்கூடிய கடைசி இடம் இதுதான், இதற்கு மேலே பாறையும் அருவியும். அதனால் சந்தை, கிடங்கு, துறை எல்லாம் பள்ளத்திலேயே அமைந்தன. 1771-இல் ஒரு பெருவெள்ளம் வந்து கிடங்குகளையும் புகையிலையையும் அடித்துக்கொண்டு போனது, ஆற்றின் கரை நெடுக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்படியும் யாரும் இடத்தை விட்டுப் போகவில்லை. பணம் இருந்தவர்கள் வீட்டை மேட்டில் கட்டிக்கொண்டு வியாபாரத்தைப் பள்ளத்தில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

என்ன வியாபாரம் என்பதுதான் முக்கியம். புகையிலை மட்டும் என்று டொபாக்கோ ரோ பெயரைப் பார்த்தால் தோன்றும். உள்நாட்டுப் போருக்கு முந்தைய சில பத்தாண்டுகளில் மனிதர்களை வாங்கி விற்பதில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்து அமெரிக்காவிலேயே இரண்டாவது பெரிய இடம் இந்த ஷாக்கோ பாட்டம். இங்கிருந்து தெற்குப் பருத்திக் காடுகளுக்கு விற்கப்பட்டவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ஏல அறைகள், தரகர் ஆபீஸ்கள், விற்கும்வரை ஆட்களை அடைத்து வைக்கும் தனியார் சிறைகள் எல்லாம் சில தெருக்களுக்குள். அதில் ராபர்ட் லம்ப்கின் என்பவன் நடத்திய சிறைக்குச் "சாத்தானின் அரை ஏக்கர்" என்றே பெயர். அது இருந்தது எங்கே தெரியுமா? ஷாக்கோ ஓடையின் கரையில், பள்ளத்திலேயே ஆகப் பள்ளமான இடத்தில்.

பக்கத்திலேயே, பதினைந்தாம் தெருவும் பிராட் தெருவும் சேரும் இடத்தருகில், கறுப்பின மக்களைப் புதைத்த இடுகாடு, அதை ஒட்டியே ஊர்த் தூக்குமேடை. எது வெள்ளத்தில் முங்கினாலும் பெரிய மனிதர்களுக்குக் கவலை இல்லையோ அது எல்லாம் ஓடைக்கரைக்குப் போனது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் அந்தப் பகுதியின் மீதி வரலாறு தானாகவே விளங்கும். பின்னால் ரயில் பாதை வந்தபோதும் இதே நிலம்தான் கிடைத்தது, 1950-களில் நெடுஞ்சாலை வந்தபோதும் இதே நிலம்தான். ஐ-95 அந்தப் பள்ளத்தாக்கின் வழியே போவது நிலம் வசதியாக இருந்ததால் மட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கேபிரியல் என்ற கொல்லர் 1800-இல் ஒரு பெரும் அடிமை எழுச்சிக்குத் திட்டம் போட்டார். ரிச்மண்டைப் பிடித்து ஆளுநர் ஜேம்ஸ் மன்றோவைச் சிறைபிடிப்பது என்று ஏற்பாடு. குறித்த இரவில் பேய்மழை, ஓடைகள் பெருகிப் பாலம் போய்விட்டது, ஆட்கள் கூட முடியவில்லை. அதற்குள் தகவல் வெளியே கசிந்துவிட்டது. அவரையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டார்கள், கேபிரியலைத் தூக்கிலிட்டது நான் சொன்ன அந்தத் தூக்குமேடையில். அந்த மழை இரவின் தேதி ஆகஸ்ட் 30. மேலே தண்டவாளம் சொன்ன கேஸ்டன் புயலின் தேதியும் அதே ஆகஸ்ட் 30. தற்செயல்தான், இருந்தாலும் ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்கு என்னவோ செய்யும்.

1865 ஏப்ரலில், உள்நாட்டுப் போரில் தோற்றுக்கொண்டிருந்த தென் மாநிலங்களின் படை ஊரைக் காலி செய்யும்போது கிடங்குகளுக்கு வைத்த தீ பரவி வியாபாரப் பகுதியில் பெரும்பங்கு சாம்பல். லம்ப்கின் சிறையை அவனுடைய மனைவி மேரி லம்ப்கின் 1867-இல், விடுதலையான மக்களுக்கான இறையியல் பள்ளி நடத்த வாடகைக்கு விட்டார். மேரியும் அவனிடம் அடிமையாக இருந்தவர்தான். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகம் ஆனது. பிறகு சிறையை இடித்தார்கள், மேலே மண் கொட்டினார்கள், இரும்பு வார்ப்பாலை வந்தது, ரயில் வந்தது, கடைசியில் பார்க்கிங். 2006 முதல் 2008 வரை தோண்டிப் பார்த்தபோது ஏறத்தாழ பதினான்கு அடி ஆழத்தில் சிறை வளாகத்தின் கல் பாவிய முற்றம் அப்படியே கிடந்தது. நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருந்ததால் காற்றுப் படாமல் தோல் செருப்பு, துணி, மரம் எல்லாம் மக்காமல் இருந்தன. பிறகு பாதுகாப்புக்காக மறுபடி மண் போட்டு மூடிவிட்டார்கள். நீங்கள் வெறும் புல்தரை என்று சொன்னது அந்த இடமாகவே இருக்கலாம்.

இடுகாட்டின் மேல் பல்கலைக்கழகப் பார்க்கிங் இருந்தது, 2011 வரை. மக்கள் வருடக்கணக்காகப் போராடிய பிறகுதான் தார் பெயர்த்தார்கள்.

மஞ்சள்குடை:

ஊர்க்கணக்கன் அண்ணா, அருமை. ஸ்டேடியம் கதையை விட்டுவிட்டீர்களே. 2013-இல் அப்போதைய மேயர் ட்வைட் ஜோன்ஸ் இதே இடத்தில் பேஸ்பால் ஸ்டேடியம், ஹோட்டல், அபார்ட்மென்ட் என்று ஒரு பெரிய திட்டம் கொண்டுவந்தார். அடிமைகளுக்கான நினைவிடமும் அதிலேயே ஒரு ஓரத்தில். ஸ்டேடியம் வந்தால் அதோடு வடிகாலும் சரியாகும், வெள்ளச் சிக்கலால் முடங்கிக் கிடக்கும் நிலம் உயிர்பெறும் என்று ஆதரவாளர்கள் பேசினார்கள். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. 2014-இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, நாட்டில் ஆபத்தில் இருக்கும் 11 இடங்களின் பட்டியலில் ஷாக்கோ பாட்டத்தைச் சேர்த்தது. திட்டம் கைவிடப்பட்டது. இப்போது ஷாக்கோ ப்ராஜெக்ட் என்று பத்து ஏக்கரில் நினைவு வளாகம் வருகிறது, மெயின் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் ஒரு ஆய்வு மையத்தோடு சேர்த்து. ஆக புதுக்குடி, அந்த நிலம் காலியாக இருப்பது யாரும் கட்டாததால் அல்ல, கட்ட வந்தவர்களை ஊர் நிறுத்தியதால்.

அந்த ரயில் நிலையமே ஒரு நல்ல சாட்சி. 1901-இல் கட்டிய அழகான கட்டடம், ஆக்னஸ் வெள்ளம் உள்ளே புகுந்தது, 1975-இல் ரயில் நின்றது, 2003-இல்தான் மறுபடி ரயில் வந்தது.

டொபாக்கோ ரோ பற்றியும் சொல்ல வேண்டும். சுவர் கட்டியதால்தான் அது எழுந்தது என்று சொல்வார்கள், அது உண்மைதான், வங்கிக்காரனுக்கு ஒரு தைரியம் வேண்டும் அல்லவா. ஆனால் பணக் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. வரலாற்றுக் கட்டடத்தைப் பழைய தோற்றம் கெடாமல் புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் மத்திய வரிச் சலுகை, வர்ஜீனியா மாநிலம் தனியாக 25 சதவீதம். இதை விட்டால் அந்தக் கிடங்குகளை எவரும் தொட்டிருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. வெள்ளப் பகுதியில் ஒரு கட்டடத்தைப் பெரிய அளவில் புதுப்பித்தால் தரையை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்த வேண்டும் என்பது தேசிய வெள்ளக் காப்பீட்டு விதி, வரலாற்றுக் கட்டடங்களுக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது. அதனால் "புதிதாக ரீமாடல் பண்ணியது" என்றால் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தரைத்தளம் நூறு வருடத்துக்கு முன்பு எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கலாம்.

புதுக்குடி:

கேட்டது ஒரு வாடகை வீடு பற்றி, கிடைத்தது இவ்வளவு. எல்லோருக்கும் நன்றி. மனைவிக்குப் படித்துக் காட்டினேன், அவள் உடனே அந்த இடுகாட்டைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். பார்த்திருக்கும் வீடு மூன்றாவது மாடி. பார்க்கிங் மட்டும் தரைத்தளத்தில் மூடிய கராஜ். வாடகைதாரர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறார்கள், அதிலேயே வெள்ளமும் வந்துவிடும்தானே?

மஞ்சள்குடை:

வராது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண வாடகைதாரர் பாலிசியில் மேல்வீட்டுக் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டினால் பணம் வரும், தெருவிலிருந்து ஏறி வரும் தண்ணீருக்குப் பைசா வராது. வெள்ளத்துக்குத் தனி பாலிசி. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வாடகைக்கு இருப்பவரும் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம், ஒரு லட்சம் டாலர் வரை. எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடப்புக்கு வரும், அதனால் புயல் செய்தியைப் பார்த்துவிட்டு ஓடினால் பயனில்லை. குடிபோகும் முன்பே ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு) வெளியிடும் வெள்ள வரைபடத்தில் வீட்டு முகவரியைப் போட்டு எந்த மண்டலம் என்று பாருங்கள். சுவரால் பாதுகாக்கப்பட்டது என்று காட்டினால் பாலிசி கட்டாயமில்லை என்றுதான் அர்த்தம், தண்ணீர் வராது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது மாடி என்றால் உங்கள் சோபாவுக்கு ஒன்றும் ஆகாது, உண்மையைச் சொன்னால் சாமான் பாலிசி உங்களுக்கு அவ்வளவு அவசியமும் இல்லை. மின்சார அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அது கீழே இருந்தால் வீடு காய்ந்திருந்தாலும் லிஃப்ட், கரண்ட், தண்ணீர் மோட்டார் இல்லாமல் நாள்கணக்கில் வெளியே தங்க வேண்டிவரும். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க மூன்று பேரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது, விடாமல் கேளுங்கள்.

அலைவரிசை:

கார்?

மஞ்சள்குடை:

காருக்கு வெள்ளப் பாலிசி கிடையாது, கார் இன்சூரன்ஸில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதங்களுக்கான பகுதி) இருந்தால் அதில் வரும். லயபிலிட்டி (அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கானது) மட்டும் வைத்திருந்தால் முழுக்க உங்கள் கைக்காசு. கராஜின் வாசல் தெருவைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

தண்டவாளம்:

இதோடு ஒன்று. பலத்த மழை எச்சரிக்கை வந்தால் காரை எடுத்துக்கொண்டு சர்ச் ஹில் பக்கம் ஏறிவிடுங்கள், பிராட் தெருவில் கிழக்கே போனால் சில நிமிடம்தான். எச்சரிக்கை வந்த பிறகு பாட்டத்துக்குள் இறங்கி வராதீர்கள், ஆபீஸிலேயே இருந்துவிடுங்கள், அது மேட்டில்தான் இருக்கும். ஆற்று வெள்ளச் செய்திக்கு அவசரம் வேண்டாம். திடீர் வெள்ளம் என்று போன் கத்தினால் மட்டும் யோசிக்காமல் கிளம்புங்கள்.

புதுக்குடி:

சரி. மின்சார அறை, கராஜ் வாசல், ஃபீமா வரைபடம், இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. கராஜ் தாழ்வாக இருந்தால் மேட்டில் மாத வாடகைக்குத் தனிப் பார்க்கிங் கிடைக்குமா என்று விசாரிக்கிறேன், யாருக்காவது சர்ச் ஹில் பக்கம் தெரிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.